பின்னால் வரும் கார் ஏன் சட்டென்று முந்திவிடுவதில்லை?

கேட்கப்பட்ட கேள்வி இது: "நாஸ்கார் பந்தயத்தில் முன்னால் போகும் காரை ஒட்டிப் போனால் காற்றுத் தடை குறைந்து வேகம் கூடும் என்கிறார்கள். அப்படியானால் பின்னால் வருகிறவர் சுலபமாக முந்திவிடலாமே? ஏன் 40 கார்களும் மணிக்கணக்காக வரிசை கட்டி ஓடிக்கொண்டிருக்கின்றன?"

முந்துவதற்காக ஸ்டியரிங்கைத் திருப்பி வரிசையை விட்டு வெளியே வந்த நொடியிலேயே, அதுவரை கிடைத்துக்கொண்டிருந்த காற்று மறைப்பு போய்விடுகிறது. சுருக்கமான பதில் இதுதான். வெளியே வந்த கார் எதிர்க்காற்று முழுவதையும் தானே வாங்கிக்கொள்கிறது. அது விட்டு வந்த வரிசையோ ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறது. துணைக்கு யாரும் கூட வராவிட்டால், இரண்டாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஆசைப்பட்டவர் ஒரு சுற்று முடிவதற்குள் பதினைந்தாம் இடத்தில் இருப்பார். சாதாரணக் கார் வடிவில் இருக்கும் பந்தயக் கார்கள் ஓடும் அமெரிக்கப் பந்தயம் நாஸ்கார். அதன் டேடோனா, டல்லடேகா போன்ற பெரிய ஓவல்களில் (நீள்வட்டத் தளங்களில்) முந்துவது என்றால் இரண்டு வேலைகள்: வேகத்தைச் சேர்த்து வைப்பது, பின்னால் வருகிறவரைத் தன்னோடு வரச் செய்வது. இரண்டாவதுதான் கஷ்டம்.

முதலில் காற்றைப் பார்ப்போம். நெடுஞ்சாலையில் பைக்கில் போகும்போது பெரிய லாரிக்குப் பின்னால் வந்தால் முகத்தில் அடிக்கும் காற்று திடீரென்று அடங்குவதை உணர்ந்திருப்பீர்கள். (தயவுசெய்து இதற்காக லாரியை ஒட்டிப் போகாதீர்கள். லாரி பிரேக் போட்டால் உங்களுக்கு நேரம் இருக்காது.) வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது, அதை வெல்ல எஞ்சின் கொடுக்க வேண்டிய சக்தி எட்டு மடங்கு. டேடோனாவில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் காரின் சக்தியில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. முன்னால் ஒருவர் அந்த வேலையைச் செய்து கொடுத்தால் பின்னால் வருபவருக்குச் சக்தி மிச்சம்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது இன்னொன்று. ஓடும் காரின் பின்புறம் காற்றழுத்தம் குறைந்த ஒரு பள்ளம் உருவாகிறது. அது காரைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். இன்னொரு கார் வந்து அந்தப் பள்ளத்தை அடைத்துக்கொண்டால் இழுப்பு குறைகிறது. அதாவது பின்னால் வருகிறவரால் முன்னால் போகிறவருக்கும் லாபம். தனியாக ஓடும் ஒரு காரைவிட ஒட்டிக்கொண்டு ஓடும் இரண்டு கார்கள் வேகமாகப் போகும். பத்துக் கார் வரிசை இன்னும் வேகமாகப் போகும். வரிசையை விட்டு வெளியே வருகிறவர் இந்தக் கூட்டு லாபத்தையும் சேர்த்துத்தான் இழக்கிறார்.

இதைக் கண்டுபிடித்தவர் பொறியாளர் இல்லை. டேடோனா ஓவல் 1959-ல் திறக்கப்பட்டது. இரண்டரை மைல் சுற்று, அதாவது நான்கு கிலோமீட்டர். வளைவுகளின் சாய்வு 31 டிகிரி. அவ்வளவு வேகமான தளத்தில் அதுவரை பெரும்பாலோர் ஓட்டியதில்லை. மறு ஆண்டு டேடோனா 500 பந்தயத்துக்கு வட கரோலினாக்காரர் ஜூனியர் ஜான்சன் ஒரு செவர்லே காரோடு வந்தார். அங்கே ராஜ்ஜியம் செய்தவை பான்டியாக் கார்கள். செவர்லே அவற்றுக்கு ஈடாகவில்லை. பயிற்சி ஓட்டத்தில் ஒரு பான்டியாக்கின் பின்னால் போய் ஒட்டியபோது, தன் கார் அதனுடன் சரிசமமாக ஓடுவதை ஜான்சன் கவனித்தார். எஞ்சினில் எந்த மாற்றமும் இல்லை; முன்னால் போகிற கார்தான் அவரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பந்தயம் முழுக்க ஏதாவது ஒரு வேகமான காரின் பின்னால் ஒட்டிக்கொண்டே ஓட்டினார். முடியச் சில சுற்றுகளே இருந்தபோது முன்னணியில் இருந்த பாபி ஜான்ஸின் பின் கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. நான் மேலே சொன்ன அதே குறைந்த அழுத்தம்தான் அதை வெளியே உறிஞ்சி எடுத்தது. ஜான்ஸின் கார் சுழன்று தடுமாற, ஜான்சன் ஜெயித்தார். முன்னால் போகும் காரின் காற்று மறைப்பில் ஒட்டி ஓட்டும் இந்த டிராஃப்டிங் கலை அன்றைக்குப் பிறந்தது என்று சொல்வதில் தவறில்லை.

அடுத்து வந்தது 'ஸ்லிங்ஷாட்'. கவண்கல் என்று சொல்லலாம். அறுபதுகள், எழுபதுகளின் கார்கள் பெரிய பெட்டி மாதிரி இருக்கும். காற்றில் பெரிய ஓட்டை போட்டுக்கொண்டு போகும். எஞ்சின்களிலும் மிச்ச சக்தி இருந்தது. பின்னால் வருகிறவர் வேண்டுமென்றே கொஞ்சம் இடைவெளி விட்டு, அப்புறம் முழு வேகத்தில் அந்த ஓட்டைக்குள் பாய்ந்தால், முன்னால் உள்ள காரை நெருங்கும்போது அதைவிடக் கூடுதல் வேகம் சேர்ந்திருக்கும். அந்த வேகம் கரைவதற்குள் பக்கவாட்டில் வெளியே வந்தால் கவணிலிருந்து விட்ட கல் மாதிரி முந்திப் போய்விடலாம். அதனால் கடைசிச் சுற்றில் முதலிடத்தில் இருப்பது அன்றைக்கு ஒரு சாபம்.

இதற்கு 1974 ஜூலை 4-ஐவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. டேடோனாவில் ஃபயர்கிராக்கர் 400 பந்தயம். கடைசிச் சுற்று தொடங்குகிறது. டேவிட் பியர்சன் முன்னால், ரிச்சர்ட் பெட்டி அவருக்கு நேர் பின்னால். இப்படியே போனால் பெட்டி தன்னைக் கவண்கல்லாகக் கடந்துவிடுவார் என்று பியர்சனுக்குத் தெரியும். என்ன செய்தார் தெரியுமா? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். எஞ்சின் போய்விட்டது போல கார் வேகம் இழந்தது. பெட்டி வேறு வழியில்லாமல் விலகி முன்னால் போனார். உடனே பியர்சன் மறுபடி முழு வேகம் எடுத்து, பெட்டி போட்டுக்கொண்டு போன காற்றோட்டைக்குள் புகுந்து, கடைசி நேரத்தில் வெளியே வந்து ஜெயித்தார். அந்த வேகத்தில் அப்படிச் செய்தது ஆபத்து என்று பெட்டிக்குக் கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் முதலிடத்தை வேண்டாமென்று கொடுத்துத் திரும்ப வாங்கிய அந்தக் கணக்கை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

கவண்கல் உத்தி மங்கியதற்கு 1987 ஒரு முக்கியக் காரணம். டல்லடேகா டேடோனாவைவிடப் பெரியது: 2.66 மைல், 33 டிகிரி சாய்வு. அந்த ஆண்டு அங்கே பில் எலியட் தகுதிச் சுற்றில் சராசரியாக மணிக்கு 212.809 மைல், அதாவது 342 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். பந்தயத்தில் பாபி ஆலிசனின் டயர் வெடித்து, கார் பின்பக்கமாக எழும்பிப் பார்வையாளர் பக்க வேலியைக் கிழித்தது. ரசிகர்கள் சிலர் காயப்பட்டார்கள். கார் இன்னும் கொஞ்சம் உயர்ந்திருந்தால் நடந்திருக்கக்கூடியதை நினைக்கவே முடியவில்லை. (அன்று ஜெயித்தவர் பாபியின் மகன் டேவி. அவருடைய முதல் வெற்றி அது.) 1988 முதல் இந்த இரண்டு தளங்களிலும் எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கிற, துளைகள் போட்ட ஓர் உலோகத் தகடு கட்டாயமானது. 2019 டேடோனா 500 வரை அந்தத் தகடு இருந்தது. அதன்பின் அதே வேலையை வேறு வடிவப் பாகம் செய்கிறது.

இந்தத் தகடு எல்லா ஓட்டுநர்களையும் சமமாக்கிவிட்டது. சக்தி குறைந்ததால் வளைவிலும் காலை எடுக்க வேண்டியதில்லை. சுற்று முழுக்க ஆக்சிலரேட்டர் தரையில்தான். நீங்கள் பார்க்கும் அந்த 40 கார் கூட்டம் இங்கிருந்துதான் வந்தது. எல்லோருடைய காலும் ஏற்கெனவே முழுக்க அழுத்தியிருக்கும்போது, முந்துவதற்கென்று அழுத்த எதுவும் மிச்சமில்லை. கூடுதல் வேகம் வேண்டுமென்றால் காற்றிடமிருந்துதான் வர வேண்டும், இல்லையென்றால் பின்னால் இருப்பவரின் பம்பரிலிருந்து.

அப்படிச் சேர்த்து வைக்கும் கூடுதல் வேகத்தை ஓட்டுநர்கள் 'ரன்' என்பார்கள். ரன் கிடைக்க இடைவெளி வேண்டும், இடைவெளிக்கு முதலில் வேகத்தைக் கொஞ்சம் இழக்க வேண்டும். அதையும் கண்டபடி செய்ய முடியாது. முன்னால் உள்ள காரை நெருங்கும்போது இரண்டு கார்களுக்கும் நடுவில் காற்று அமுங்கி ஒரு மெத்தை மாதிரி நிற்கும். அதைத் தாண்டி அவருடைய பம்பரைத் தொட வேண்டுமென்றால் போதுமான வேகம் வேண்டும், அல்லது நம்மை இன்னொருவர் தள்ள வேண்டும். தொட்ட பிறகு நேர்ச்சாலையில் நேராகத் தள்ளினால் இருவரும் பறப்பார்கள். இதுதான் பம்ப் டிராஃப்டிங். வளைவில், அல்லது பம்பரின் ஓரத்தில் பட்டுத் தள்ளினால் முன்னால் உள்ள கார் திரும்பிச் சுவரில் போய் முட்டும். 2020 டேடோனா 500-ன் கடைசி நொடிகளில் ரயன் நியூமன் முதலிடத்தில் இருந்தார். பின்னாலிருந்து ரயன் பிளேனி தள்ளியபோது நியூமனின் கார் திரும்பிச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. பிளேனி அவருக்கு உதவத்தான் தள்ளினார். நியூமன் இரண்டே நாளில் மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியே வந்தபோதுதான் பார்த்தவர்களுக்கு மூச்சு வந்தது.

தள்ளுவதை எல்லை வரை கொண்டுபோன காலமும் ஒன்று உண்டு. 2011-ல் டேடோனாவில் புதுத் தார் போட்டு வழவழவென்று ஆக்கியிருந்தார்கள். இரண்டு இரண்டு கார்களாகப் பம்பரோடு பம்பர் ஒட்டிச் சுற்று முழுக்க ஓடினால் கூட்டத்தைவிட வேகம் என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். பின்னால் தள்ளுகிறவருக்கு முன்னால் எதுவும் தெரியாது. ரேடியோவில் கேட்பதை நம்பித்தான் ஓட்ட வேண்டும். அவருடைய ரேடியேட்டருக்குக் காற்றும் போகாது. எஞ்சின் கொதிக்கும் முன் இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு டேடோனா 500-ஐ ஜெயித்த டிரெவர் பெய்னுக்கு வயது 20, பிறந்தநாள் முடிந்து ஒரே நாள். சில வாரங்கள் கழித்து டல்லடேகாவில் ஜிம்மி ஜான்சன் 0.002 விநாடியில் ஜெயித்தார். அவரைத் தள்ளிக்கொண்டு வந்தவர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர். எனக்கு அந்த இருவர் ஓட்டம் பிடிக்கவில்லை. கூட்டத்தில் காற்றைப் படிக்கும் கலை போய், ஜோடி தேடும் வேலை மட்டும் மிஞ்சியது. 2012-ல் நாஸ்கார் குளிரூட்டும் அமைப்புக்கான விதிகளை இறுக்கியது. நீண்ட நேரம் தள்ளினால் எஞ்சின் சூடேறிவிடும் என்ற நிலை வந்ததும் அந்தப் பழக்கம் நின்றுபோனது.

பக்கவாட்டு டிராஃப்டிங் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. டிவியில் பார்க்கும்போது இதுதான் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஒருவரோடு பக்கத்தில் ஓடும்போது, உங்கள் காரின் மூக்கை அவருடைய பின் சக்கரத்துக்கு அருகில், கிட்டத்தட்ட உரசும் தூரத்துக்குக் கொண்டுபோங்கள். உங்கள் மூக்கு தள்ளிவிடும் காற்று அவருடைய பின்பக்கத்திலும் அங்கே நிற்கும் ஸ்பாய்லர் தகட்டிலும் போய்க் குவிகிறது. அவருக்கு யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். அவர் வேகம் குறைய, நீங்கள் முன்னேறுவீர்கள். ஆனால் கொஞ்சம் முன்னேறியதும் உங்கள் பின் சக்கரம் அவருடைய மூக்குக்கு நேராக வந்துவிடும். இப்போது அவர் அதையே உங்களுக்குச் செய்வார். அதனால்தான் இரண்டு கார்கள் சுற்றுக் கணக்காகப் பக்கம் பக்கமாக, முன்னும் பின்னுமாக ஊசலாடுகின்றன. கெட்டிக்காரர்கள் கடந்துபோகும்போது பக்கவாட்டில் ஒரு கார் அகலம் தள்ளியே போவார்கள், எதிராளியின் மூக்குக்குத் தங்கள் பின்பக்கத்தைக் கொடுக்காமல்.

இத்தனையும் ஒரே சுற்றில் நடந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் 2016 டேடோனா 500-ன் கடைசிச் சுற்றைப் பாருங்கள். மாட் கென்செத் முதலிடம், அவர் பின்னால் மார்ட்டின் ட்ரூயெக்ஸ் ஜூனியர். டென்னி ஹேம்லின் நான்காவது. வெளி வரிசையில் கெவின் ஹார்விக் ஒரு ரன்னோடு வருகிறார். ஹேம்லின் சட்டென்று மேலே, அதாவது சரிவின் உயரமான வெளிப்பக்கம், விலகி ஹார்விக்கின் முன்னால் போய் நிற்கிறார். ஹார்விக்கின் வேகம் முழுவதும் அப்படியே ஹேம்லினுக்குப் போகிறது. அந்தத் தள்ளலோடு ஹேம்லின் வருவதைப் பார்த்துக் கென்செத் மறிக்க மேலே ஏறுகிறார். ஹேம்லின் அவருக்குக் கீழே, கென்செத்துக்கும் ட்ரூயெக்ஸுக்கும் நடுவில் புகுந்துவிடுகிறார். கென்செத்தின் வரிசை உடைந்தது. கடைசி வளைவு வரை முதலிடத்தில் இருந்தவர் முடித்தது 14-வதாக. ஹேம்லினும் ட்ரூயெக்ஸும் பக்கவாட்டில் உரசிக்கொண்டே கோட்டைத் தொட்டார்கள். வித்தியாசம் 0.010 விநாடி. டேடோனா 500 வரலாற்றில் அவ்வளவு நெருக்கமான முடிவு அதற்கு முன் இருந்ததில்லை. கென்செத் தவறு செய்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறிக்காமல் இருந்தாலும் ஹேம்லின் வெளிப்பக்கமாக முந்திப் போயிருப்பார்.

மறிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு முதலிடத்தில் இருப்பவரின் வேலை கண்ணாடியைப் பார்ப்பது. மேலே உயரத்தில் நின்று ரேடியோவில் பேசும் ஸ்பாட்டர் "வெளிப்பக்கம் வருகிறார்கள்" என்றதும் மேலே ஏறி அந்த வரிசையின் தலையில் நின்று, அவர்கள் தள்ளலைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும். உள்பக்கம் வேகம் எடுத்தால் கீழே இறங்க வேண்டும். அரை நொடி தாமதித்தால் விபத்து. முந்துகிறவர் கீழே இறங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. தளத்தின் உள்விளிம்பில் மஞ்சள் கோடு. 2001-லிருந்து அதற்குக் கீழே போய் முந்தினால் செல்லாது. 2008-ல் டல்லடேகாவில் ரீகன் ஸ்மித் முடிவுக் கோட்டை முதலில் தொட்டும், மஞ்சள் கோட்டுக்குக் கீழே முந்தினார் என்று வெற்றி டோனி ஸ்டூவர்ட்டுக்குப் போனது.

எல்லா ஓவலிலும் இதே கதை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான ஒன்றரை மைல் தளங்களில் வளைவில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அங்கே முன்னால் உள்ள காரை ஒட்டிப் போவது தொந்தரவாகிவிடும். கலங்கிய காற்றில் முன் டயர்களின் மேல் அழுத்தம் குறைந்து, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். அதனால் வேறு தடத்தில், பெரும்பாலும் மேலே சுவரோரமாக, நல்ல காற்றைத் தேடுவார்கள். 2024-ல் கான்சஸில் கைல் லார்சன் கிறிஸ் பியூஷரை 0.001 விநாடியில் வென்றார். நாஸ்கார் முதன்மைத் தொடரில் அதைவிட நெருக்கமான முடிவு பதிவாகியதில்லை. மார்டின்ஸ்வில் மாதிரி அரை மைல் தளங்களில் காற்றைவிடப் பிரேக்கும் பம்பரும்தான் பேசும். வளைவில் முன்னால் உள்ளவரை லேசாக இடித்து அவர் தடம் விலகும்போது உள்ளே புகுவது அங்கே பழைய வழக்கம். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-ல் நாஸ்காரின் டிரக் தொடரில் (பிக்கப் வண்டிகளின் பந்தயம்) முதலில் ஓட்டியது அந்த மார்டின்ஸ்வில்லில்தான். ஃபார்முலா 1-ல் இடித்தால் சிறகு உடையும் என்று பழகிய ஒருவர் அங்கே போய் ஓட்டியதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். அந்த ஆண்டு டிரக் தொடரின் ரசிகர் வாக்கில் மிகப் பிரபலமான ஓட்டுநராகவும் அவர் தேர்வானார்.

2022-ல் வந்த புதுத் தலைமுறைக் கார்களால் இன்று ஒரு சிக்கல். டேடோனாவில் இரண்டு வரிசைகள் அப்படியே பூட்டிக்கொள்கின்றன. மூன்றாவது வரிசையாக வெளியே வருகிறவர்களால் முன்னேற முடிவதில்லை. அதனால் பந்தயத்தின் நடுப்பகுதியில் எல்லோரும் காலைப் பாதி எடுத்து எரிபொருளைச் சேமிக்கிறார்கள். எரிபொருள் குறைவாகத் தேவைப்பட்டால், அதை நிரப்பப் பிட்டில் (தளத்துக்கு வெளியே கார்கள் நிற்கும் இடம்) நிற்கும் நேரம் குறையும். தளத்தில் கிடைக்காத இடத்தை அங்கே பிடிக்கலாம். கணக்குச் சரிதான். ஆனால் பியர்சன் கால் எடுத்ததற்கும் இதற்கும் உள்ள தூரம் எனக்கு வருத்தம் தருகிறது. நீங்கள் பார்த்த "மணிக்கணக்கான வரிசை"யில் ஒரு பகுதி இதுவாக இருக்கலாம்.

கடைசியாக, துணை கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று. 2000 அக்டோபர், டல்லடேகா. ஐந்து சுற்றுகள் பாக்கி இருக்கும்போது டேல் எர்ன்ஹார்ட் 18-வது இடத்தில் இருந்தார். காற்றைக் கண்ணால் பார்க்கிறவர் என்று அவரைச் சொல்வார்கள். வரிசைகளுக்கு நடுவில் புகுந்து, ஒவ்வொருவரின் ரன்னையும் தனதாக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் பின்னால் கென்னி வாலஸ் ஒட்டிக்கொண்டார், வாலஸின் பின்னால் ஜோ நெமசெக். அந்த மூன்று கார் ரயில் வெளி வரிசையில் எல்லோரையும் தாண்டிப் போனது. எர்ன்ஹார்ட்டுக்கு அது 76-வது வெற்றி. நான்கு மாதம் கழித்து டேடோனா 500-ன் கடைசிச் சுற்றில், தனக்குச் சொந்தமான அணியின் இரண்டு கார்கள் முன்னால் போய்க்கொண்டிருக்க, மூன்றாவதாக வந்த அவர் விபத்தில் இறந்தார். டல்லடேகா வெற்றியே அவருடைய கடைசி வெற்றியாகிவிட்டது.

கென்னி வாலஸ் அன்று இரண்டாவதாக வந்தார். முன்னூறுக்கும் மேற்பட்ட முதன்மைத் தொடர் பந்தயங்கள் ஓட்டிய அவர் ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. அந்தக் கடைசி ஐந்து சுற்றுகளின் காணொளி கிடைத்தால் ஒருமுறை எர்ன்ஹார்ட்டின் கறுப்புக் காரைப் பாருங்கள். அப்புறம் மறுபடி தொடக்கத்திலிருந்து போட்டு, அதன் பின்னால் வருகிற காரை மட்டும் பாருங்கள்.